மேட்ரனுக்கு டீ கிடையாது

"டீ கிடையாது பாட்டி."

மேட்ரன் யூனிஸ் மசூக்குவுக்கு டீ இல்லை என்பது முதலில் உறைக்கவில்லை. அந்தப் 'பாட்டி'தான் உறைத்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் ஒரே மகன் தபானி இன்னும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பாட்டியாவதற்கு அவரிடம் எந்தத் தகுதியும் இல்லை.

"யாரைப் பார்த்துப் பாட்டிங்கிறீங்க?"

"உங்களைத்தான். நாலு மணிக்கு மேல டீ குடிச்சா, ராத்திரியெல்லாம் ஒண்ணுக்கு வருதும்பீங்க. யாரு எந்திரிச்சு வர்றது?"

சொல்லிவிட்டுப் புது சிஸ்டர் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சக்கர நாற்காலியில், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேட்ரன், கெட்டிலின் ஆவி போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினை அன்று காலையில் ஆரம்பித்தது. மறுநாள் சேர்மன் முலேயா நன்கொடையாளர்களை அழைத்துக்கொண்டு வருகிறார். புலவாயோவிலேயே இப்படி ஒரு முதியோர் இல்லம் இல்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்காக, எல்லோரும் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார் மேட்ரன்.

"வழுக்குமே மேட்ரன்," என்றாள் உதவியாள் பிரிட்டி.

"கிழங்க எங்க நடக்கப் போகுது? உக்கார்ந்த இடத்துலயே இருக்கட்டும்."

கிழங்கள் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருந்தன. விழுந்தது மேட்ரன்.

கிளினிக்கில் எலும்பு முறியவில்லை என்றார்கள். சவ்வுதான் கிழிந்திருக்கிறது, ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது. மேட்ரனின் வீடு இல்லத்துக்குப் பின்னால் படியேறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. அது சரிப்படாது. கிளினிக்கில் இருந்தபடியே பிரிட்டிக்கு போன் போட்டார்.

"காலியா இருக்கிற ரூம்ல எனக்குப் படுக்கையைப் போடு. அங்கிருந்தே எல்லாத்தையும் பார்த்துக்கிறேன். ஏஜென்சில ஒரு சிஸ்டரை அனுப்பச் சொல்லியிருக்கேன். இருக்கிற நர்ஸுங்க எல்லாம் இங்கிலாந்துக்குப் போயாச்சு, ரிடையர் ஆன யாராவதுதான் வருவாங்களாம். எவ வந்தாலும் சரி, அவ சொல்றதுதான் சட்டம். மறுபேச்சு பேசினா சீட்டைக் கிழிச்சுடுவேன். புரியுதா?"

"புரியுது மேட்ரன்."

மத்தியானம் அவர் வந்து இறங்கியபோது வாசலில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். மேட்ரன் சீருடையைப் பார்த்தார். இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அது போதும் அவருக்கு. பெயரைக் கேட்கவில்லை. தற்காலிகமாக வருகிறவர்களின் பெயரைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

"வந்துட்டீங்களா? நல்லது. இங்க விதியெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. எல்லாம் நான் போட்டது."

"நல்லாவே தெரியும் மேட்ரன். ஒண்ணுகூட விடாம நடத்திக் காட்டுறேன்."

பக்கத்தில் நின்ற பிரிட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்ரனுக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை வருஷமாக இப்படி ஒருத்தியைத்தானே தேடிக்கொண்டிருந்தார்!

அந்தக் குளிர்ச்சி டீ நேரம் வரைக்கும் தாங்கியது.

டீ வண்டி திரும்பி வரும் வழியில் மேட்ரன் மறித்தார். "நில்லுங்க. நான் யாருன்னு தெரியாம பேசுறீங்க. நான் இந்த இல்லத்தோட மேட்ரன்."

"தெரியுமே. பக்கத்து ரூம் தாத்தா ரயில் டிரைவர். எதிர் ரூம் பாட்டி ஹெட்மிஸ்ட்ரஸ். அதெல்லாம் வாசல் கேட் வரைக்கும்தான். உள்ள வந்து படுக்கையில படுத்தாச்சுன்னா எல்லாரும் தாத்தா, பாட்டிதான். இது நீங்க சொன்னதுதானே பாட்டி?"

சொன்னதுதான். பணியாளர் கூட்டத்தில் சொன்னது. பிரிட்டிதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

"அப்புறம், இந்த டோப்பாவைக் கழட்டுங்க. பேன் பிடிக்கும். டிரஸ்ஸையும் மாத்திடலாம்."

"என்னது?"

மேட்ரன் பேசி முடிப்பதற்குள் டோப்பா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது. சீருடை போய், இல்லத்தின் அங்கி வந்தது. முன்பக்கம் கழுத்துவரை மூடி, பின்பக்கம் முதுகிலிருந்து முழங்கால்வரை திறந்த அங்கி. மாற்றிவிடச் சுலபமாக இருக்கும் என்று மேட்ரனே தைக்கச் சொன்னது. மாற்றிவிடுகிறவர்களுக்குச் சுலபம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று இப்போது அவருடைய முதுகுக்குப் புரிந்தது.

"என் போனைக் குடுங்க. சேர்மனைக் கூப்பிடணும்."

"போன் ஞாயித்துக்கிழமை மட்டும் பாட்டி. தினம் பேசினா வீட்டு ஞாபகம் வந்து அழுவீங்க."

சிஸ்டர் போனதும் மேட்ரன் பிரிட்டியைக் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டார்.

"பிரிட்டி... கண்ணு..."

பிரிட்டி பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேட்ரன் வாயிலிருந்து 'கண்ணு' வந்ததை அவள் இதுவரை கேட்டதில்லை.

"ஒரே ஒரு கப் டீ. சர்க்கரை தூக்கலா. யாருக்கும் தெரிய வேணாம்."

"நீங்கதானே மேட்ரன் சொன்னீங்க, சிஸ்டர் சொல்றதுதான் சட்டம்னு..."

"நானே சொல்றேன், கொண்டா!"

துண்டுக்கடியில் ஒளித்து ஒரு கோப்பை வந்தது. முதல் வாய் வைப்பதற்குள் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மேட்ரன் பயந்துபோய் மொத்தத்தையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளினார். கொதிக்கிற டீ. தொண்டை வெந்து, கண் பிதுங்கி, மூக்கு வழியாகப் பாதி வெளியே வந்தது. இருமல் நிற்கவில்லை.

சிஸ்டர் கதவருகில் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"அடப்பாவமே. விழுங்க முடியல. பிரிட்டி, இனிமே பாட்டிக்கு எல்லாத்தையும் அரைச்சுக் குடு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோளக்களி, கீரை, ஆட்டுக்கறிக் குழம்பு. மூன்றும் மிக்ஸியில் போய்ச் சுற்றி, ஈரச் சிமெண்ட் மாதிரி ஒரே கிண்ணத்தில் வந்தது. கழுத்தில் ஒரு துணியைக் கட்டினார்கள். சிஸ்டர் கரண்டியை நீட்டினார்.

"ஆ காட்டுங்க."

"என் கைக்கு என்ன கேடு? கால்தான் சுளுக்கு!"

"நீங்களே சாப்பிட்டா அரை மணி நேரம் ஆகும். நான் ஊட்டினா அஞ்சு நிமிஷம். ஆ."

மேட்ரன் வாயை இறுக்கி மூடினார். சிஸ்டர் பிரிட்டியிடம் திரும்பி, மேட்ரன் அங்கே இல்லாதது மாதிரி, "சாப்பிட மாட்டேங்கிறாங்க. மனசு சரியில்ல போல. கதவைத் திறந்தே வை, எந்நேரமும் கண்ணு இவங்க மேலயே இருக்கட்டும்," என்றார்.

மேட்ரன் கரண்டியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். கரண்டியிலிருந்த 'சிமெண்ட்' சுவரில் ஒட்டிக்கொண்டது.

சிஸ்டர் பதற்றப்படவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மேட்ரனுக்கு அதைத் தெரியும். கேள்வி கேட்கிறவர்களை மடக்கி உட்கார வைக்கிற மாத்திரை அது. எத்தனை பேருடைய கஞ்சியில் அவரே பொடித்துக் கலந்திருக்கிறார்! ஒருத்தர் பத்திரிகை கேட்டார் என்பதற்காக. ஒருத்தி தன் வீட்டுச் சாவியைக் கேட்டாள் என்பதற்காக.

"வேணாம். நான் அமைதியாத்தான் இருக்கேன்," என்றார் மேட்ரன், தன் குரலே தனக்கு அடையாளம் தெரியாமல்.

"சமத்து."

அந்த ஒரு சொல்லுக்கு மேட்ரனுக்கு வந்த கோபத்தில் இல்லத்துக்கே தீ வைத்திருப்பார். கையில் தீப்பெட்டி இல்லை. அதுவும் விதிப்படி பறிமுதல்.

குடித்த டீ தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

"சிஸ்டர், பாத்ரூம் போகணும்."

"எட்டு மணிக்கு எல்லாரையும் வரிசையாக் கூட்டிட்டுப் போவோம்."

"எனக்கு இப்பப் போகணும்!"

"அப்ப டயப்பர் கட்டிவிடுறேன். அதுலயே போயிடுங்க."

"நான் குழந்தையா?"

"குழந்தைக்குக் கட்டினா அது வளர்ந்து கழட்டிடும் பாட்டி," என்றார் சிஸ்டர். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. மறுபடியும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

மேட்ரன் முடிவு செய்தார். கழிப்பறை தாழ்வாரத்தின் மறுகோடியில். ஒற்றைக் காலில் தத்திப் போனால் போய்விடலாம். எழுந்தார். கதவைப் பிடித்துத் தத்தினார். சுவரைப் பிடித்துத் தத்தினார். அடுத்து, பிடிப்பதற்கு வாகாக ஒரு கைப்பிடி கிடைத்தது. அது அழுக்குத் துணி வண்டியின் கைப்பிடி. வண்டிக்குச் சக்கரம் இருந்தது. தாழ்வாரத்துக்குச் சரிவு இருந்தது.

வண்டியின் மேல் குப்புற விழுந்த மேட்ரன், அங்கி பின்பக்கம் இரண்டு கொடிகளாகப் பறக்க, தாழ்வாரம் முழுக்கப் பயணம் செய்து, எல்லோரும் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. சிரிக்கிற அளவுக்கு அவர்களுக்கு அது புதிதாக இல்லை. திறந்த முதுகுகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ரயில் டிரைவர் தாத்தா மெல்ல எழுந்து வந்தார். தோளில் கிடந்த போர்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினார்.

"எனக்கும் முதல் வாரம் இப்படித்தான் இருந்துச்சு," என்றார். "அப்புறம் கூச்சம் செத்துப்போயிடும். கவலைப்படாதீங்க."

மேட்ரன் போர்வையை இழுத்துப் பின்பக்கத்தை மூடிக்கொண்டார். நன்றி சொல்லலாம் என்றால் அவர் பெயர் தெரியவில்லை.

"தானா நடக்கப் பார்த்திருக்காங்க," என்றார் சிஸ்டர், ஓடி வந்து. "விழுந்தா நமக்குத்தான் கெட்ட பேரு. பெல்ட் போட்டுடு பிரிட்டி."

நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பெல்ட் போட்டார்கள். எட்டு மணிக்கு வரிசையில் கடைசியாகக் கழிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. அதுவும் பாதுகாப்புக்குத்தான்.

மறுநாள் காலைக் கஞ்சியை மேட்ரன் தொடவில்லை. எந்த வெள்ளை உருண்டை அதில் பொடியாகிக் கிடக்கிறதோ என்ற பயம். குளியலறையில் இரண்டு பேரைச் சேர்த்துக் குளிப்பாட்டினார்கள். எதிரே குளித்த ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஜெபமாக இருக்கும் என்று மேட்ரன் காது கொடுத்தார். ஜெபமில்லை, பன்னிரண்டாம் வாய்ப்பாடு.

"ஏன் வாய்ப்பாடு சொல்றீங்க?"

"என் மண்டை இன்னும் வேலை செய்யுதான்னு இங்க யாரும் கேக்கிறதில்ல. நானே கேட்டுக்கிறேன்," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், கண்ணைத் திறக்காமல்.

வெளியே வந்ததும் மேட்ரன் கத்தினார். "எனக்கு என் மகன்கிட்டப் பேசணும்! இப்பவே! இல்லாட்டி நான் கத்திக்கிட்டே இருப்பேன்!"

"இன்னிக்கு ஞாயிறுதானே, தாராளமா," என்று சிஸ்டர் மேட்ரனின் போனை எடுத்துத் தபானியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் வைத்தார்.

"தபானி! இந்தப் பொம்பளை எனக்கு ஒரு வாய் டீ குடுக்க மாட்டேங்குறாப்பா! டோப்பாவைப் பிடுங்கிட்டா! என்னை நாற்காலியில கட்டி வச்சிருக்கா! உடனே கிளம்பி வா!"

தபானி, குழந்தைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, சிஸ்டர் உங்க நல்லதுக்குத்தான் செய்வாங்க."

"என்னடா சொல்ற?"

"நீங்கதானேம்மா எல்லாப் பிள்ளைங்களுக்கும் போன்ல சொல்வீங்க? 'அழுவாங்க, புகார் சொல்வாங்க, எதையும் நம்பாதீங்க, ரெண்டு வாரத்துல பழகிடும்'னு. நான் பக்கத்துல உக்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கேன்! நான் நம்பலம்மா. தைரியமா இருங்க. சிஸ்டர், எங்கம்மாவைப் பார்த்துக்கோங்க. ரொம்ப நன்றி."

போன் அணைந்தது. சிஸ்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். "தங்கமான பிள்ளை," என்றார்.

மேட்ரன் அழுதார். அழுகை என்றால் துக்க அழுகை இல்லை. யாரையாவது கடிக்க வேண்டும், ஆனால் இடுப்பில் பெல்ட் இருக்கிறது என்கிற அழுகை.

பதினோரு மணிக்குச் சேர்மன் முலேயா கோட்டு சூட்டோடு வந்தார். கூடவே நன்கொடையாளர்கள், கழுத்தில் கேமராவோடு. கூடத்தில் எல்லோரையும், அரைத்த சாப்பாட்டுக் கிண்ணமும் கரண்டியும் வைத்த மேசைகளுக்குப் பின்னால் அரைவட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். விருந்தினர் வந்தால் பாட்டுப் பாடிக் கைதட்ட வேண்டும் என்பதும் மேட்ரனுடைய ஏற்பாடுதான்.

"தட்டுங்க பாட்டி. தட்டலைன்னா பிஸ்கட் கிடையாது," என்றார் சிஸ்டர் காதருகில்.

சேர்மன் ஒவ்வொருவர் தலையையும் தடவிக்கொண்டே வந்து, மேட்ரன் முன்னால் குனிந்தார். டோப்பா இல்லாத நரைத் தலை, கழுத்தில் எச்சில் துணி, திறந்த அங்கி. பத்து வருஷமாக மாதாமாதம் எதிரெதிரே உட்கார்ந்து கூட்டம் நடத்திய முகம்.

"என்ன பாட்டி! சாப்...பிட்...டீங்...களா?" என்று கிணற்றுக்குள் இருப்பவரிடம் கேட்பது மாதிரி கத்தினார்.

"மிஸ்டர் முலேயா! நான் யூனிஸ்!"

சேர்மன் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார். "என்னமோ சொல்றாங்களே?"

"பேரைச் சொல்றாங்க சார்."

"அடடே! பேரெல்லாம் ஞாபகம் இருக்கா! பரவாயில்லையே!" என்று மேட்ரனின் தலையில் தட்டிக்கொடுத்தார். ஒருவர் போட்டோ எடுத்தார்.

அப்போதுதான் மேட்ரனுக்குள் எதுவோ அறுந்தது.

"கையை எடுய்யா என் தலையில இருந்து!"

பாட்டு நின்றது.

"நான் என்ன நாய்க்குட்டியா தடவிக் குடுக்க? என் பேரு யூனிஸ் மசூக்கு! உங்க சம்பளப் பட்டியல்ல இருக்கு, போய்ப் பாரும்! எனக்குக் கை இருக்கு, நானே சாப்பிடுவேன், அரை மணி நேரம் ஆனா ஆகட்டும்! டீ எப்பத் தோணுதோ அப்பக் குடிப்பேன்! ஒண்ணுக்கு வந்தா எட்டு மணி வரைக்கும் காத்திருக்காது, அதுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது! போகும்போது கதவைச் சாத்திக்குவேன்! என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா என்னைப் பார்த்துக் கேளும், பக்கத்துல நிக்கிறவங்களைப் பார்த்துக் கேக்காதீர்! எனக்கு வயசாச்சுன்னு வச்சுக்குவோம். வயசாச்சுன்னா ஆளு இல்லாமப் போயிடுவேனா?"

மூச்சு வாங்கியது. பிறகு ரயில் டிரைவர் தாத்தா கரண்டியால் மேசையைத் தட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் தட்டினார். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். விருந்தினருக்காகத் தட்டுகிற தட்டல் இல்லை அது. ஒருவர் தன் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார், சிமெண்ட் நாலாபக்கமும் தெறித்து, சேர்மனின் கோட்டில் கொஞ்சம் விழுந்தது.

"மேட்ரனா இது!" சேர்மனின் முகம் வெளிறிவிட்டது. கேமராக்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன அநியாயம் இது? இந்த விதியெல்லாம் யாரு போட்டது?"

கரண்டிகள் நின்றன. எல்லாக் கண்களும் மேட்ரன் மேல் விழுந்தன.

"நான்தான்!" என்று மேட்ரன் இன்னும் குறையாத கோபத்தில் கத்தினார். "நான்தான் போட்டேன்! அதுக்கு என்ன இப்ப? நானே தூக்கிட்டேன்! பிரிட்டி, முதல்ல இந்தப் பெல்ட்டைக் கழட்டு. எல்லா ரூமுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போடணும், இன்னிக்கே. இந்த அங்கியெல்லாம் குப்பையில போகட்டும். அவங்கவங்க டிரஸ்ஸை அவங்கவங்க போட்டுக்கட்டும். டீப் பாத்திரத்தைக் கொண்டுவந்து கூடத்து நடுவுல வை. யாருக்கு வேணுமோ அவங்க ஊத்திக் குடிக்கட்டும். சார், உம்ம பேரு என்ன?"

"டைட்டஸ் நியோனி," என்றார் ரயில் டிரைவர்.

"மிஸ்டர் நியோனி, போர்வைக்கு நன்றி."

டீ வந்தது. சேர்மன், எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்பது போல நன்கொடையாளர்களைப் பார்த்துச் சிரித்துவைத்தார். மேட்ரன் டோப்பாவை வாங்கி மாட்டி, இரண்டு வாய் டீ உள்ளே இறங்கியதும் அவருக்கு முழுப் பலமும் திரும்பியது. முழுப் பலம் திரும்பியதும் யார் மேல் பாய வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

சிஸ்டர் ஜன்னலோரம் ஒரு கோப்பையோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க!" என்றார் மேட்ரன், விரலை நீட்டி. "விதி நான் போட்டதுதான். அதுக்காக இரக்கம்னு ஒண்ணு வேணாமா? ஒரு மனுஷியை இப்படியா நடத்துவீங்க? இந்த நிமிஷமே பெட்டியைக் கட்டுங்க! ஏஜென்சியில உங்களுக்கு இனிமே வேலையே இல்லாமப் பண்றேன்!"

சிஸ்டர் ஒரு வாய் டீயை உறிஞ்சினார். "சர்க்கரை நல்லா இருக்கு," என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி காட்நோஸ், கையில் பெரிய பெட்டியோடு உள்ளே வந்தான். பின்னால் வெள்ளைச் சீருடையில், புழுதி படிந்த தலையோடு, ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"மேட்ரன், ஏஜென்சி சிஸ்டர் வந்துட்டாங்க. டீசல் இல்லாம பஸ் நேத்தே ஷங்கானிகிட்டப் படுத்துடுச்சாம். பாவம், ராத்திரி முழுக்க ரோட்டுலயே இருந்திருக்காங்க."

மேட்ரன் வந்தவளைப் பார்த்தார். ஜன்னலோரம் பார்த்தார். மறுபடியும் வந்தவளைப் பார்த்தார்.

"அப்ப... இவங்க யாரு?"

காட்நோஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, விளையாடுகிறாரா என்பது போல மேட்ரனைப் பார்த்தான்.

"என்ன மேட்ரன் இப்படிக் கேக்குறீங்க, இங்கயே தங்கியிருக்கிற நம்ம மிஸஸ் குமேடே, அந்தக் காலத்து நர்ஸு! மூணு வருஷமா தினமும் காலையில நீங்கதானே அவங்க முகத்தைத் துடைச்சு விடுறீங்க?"